எது நீளமான கோடு?

ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை மனநல வகுப்பு. அதை நடத்துகிற டீச்சருக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. ஊரோடு சேர்ந்து தலையாட்டும் பழக்கத்தைப் பற்றி வாயால் சொன்னால் இந்தப் பிள்ளைகள் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிடுவார்கள். செய்து காட்டினால்தானே மண்டையில் ஏறும்? அதற்கென்றே ஒரு விளையாட்டு யோசித்து வைத்திருந்தார்.

"ஒட்டடைக்குச்சி, ஓடிப்போய் ஆபீஸ்லேருந்து பதிவேட்டை வாங்கிட்டு வாம்மா" என்றார். வகுப்பே அப்படித்தான் அந்த நெட்டைப் பெண்ணைக் கூப்பிடும். டீச்சர் செல்லமாகக் கூப்பிட்டாராம். செல்லம், பெரிய செல்லம்!

அவள் தலை மறைந்ததும் பலகையில் மூன்று கோடுகள் போட்டார். நடுக்கோடுதான் நீளம். குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"அவ வந்ததும் எது நீளம்னு கேப்பேன். எல்லாரும் கடைசிக் கோடுன்னு சொல்லணும். சிரிச்சிடக் கூடாது. அவ என்ன சொல்றான்னு பாப்போம்."

அவளைத் தேர்ந்தெடுத்ததற்கும் டீச்சரிடம் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு நாள் முன்னால் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் டீச்சர்" என்றவள் அவள். டீச்சருக்குக் கைநிறைய விடைத்தாள். "வெள்ளிக்கிழமை வகுப்பு முடிஞ்சதும் வா" என்று அனுப்பியிருந்தார். தனியாக வந்து நிற்கிற துணிச்சல்காரி, இந்த விளையாட்டுக்கா அசையப் போகிறாள்?

முப்பத்திரண்டு பேரும் சரியென்றார்கள். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அங்கேயே உறைத்திருக்க வேண்டாமா இந்த அம்மாவுக்கு? என்ன ஒற்றுமை என்று பூரித்துப் போனார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். டீச்சர் கேட்டார். "கடைசிக் கோடு", "கடைசிக் கோடு" என்று வரிசையாகச் சொன்னார்கள். ஒரு உதடுகூடச் சிரிப்பில் துடிக்கவில்லை. அவள் முறை வந்தது. பலகையைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"கடைசிக் கோடு, டீச்சர்."

டீச்சர் கைதட்டினார். "பாத்தியா, நீயும் விழுந்துட்டே. எல்லாம் நடிப்பும்மா. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

"தெரியும் டீச்சர்."

"எப்படித் தெரியும்?"

"தினமும் பண்றதுதானே. நான் உக்காந்திருந்தா இடம் காலியா இருக்குன்னு சொல்லுவாங்க. நான் பேசினா ஏதாவது கேட்டுச்சான்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவாங்க. இல்லைன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பள்ளிக்கூடம் திறந்ததுலேருந்து இப்படித்தான். நான் மாத்திச் சொன்னா அடுத்த நாள் இன்னும் அதிகமாகும்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வகுப்பைப் பார்த்தார். அத்தனை தலையும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதைத்தான்... அன்னிக்குச் சொல்ல வந்தியா?"

"ஆமா டீச்சர். உங்ககிட்ட மட்டுந்தான் சொல்லலாம்னு இருந்தேன்." அவள் பையை மாட்டிக்கொண்டாள். "இப்ப உங்களோட சேத்து முப்பத்து மூணு பேர்."

மணி அடித்தது. அவள் வெளியே போய்விட்டாள்.

டீச்சர் பதறிப்போய் வராந்தாவுக்கு ஓடினார். படியிறங்கிக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. நாக்கு நுனியில் வந்து நின்றது ஒட்டடைக்குச்சி மட்டும்தான்.