குடிகளுக்குக் குறையுண்டோ

மார்கழி மழை நெல்லை அழுகச் செய்துவிட்டுப் போனபின், நெடுங்கரையைச் சுற்றியுள்ள ஊர்களில் எவரும் கூத்து வைக்க முன்வரவில்லை. திருவிழாவுக்கென்று வீடுதோறும் சென்று கேட்க ஊர்ப்பெரியவர்களே கூசினர். ஞானதாசின் கூத்துக் குழுவுக்கு எஞ்சியிருந்தது அரசு ஆண்டுதோறும் வழங்கும் உதவித்தொகை ஒன்றே. நிதி நெருக்கடியின் காரணமாக, இவ்வாண்டு அதுவும் சில குழுக்களுக்கு மட்டுமே தொடரும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் வந்து ஆட்டத்தைக் காண்பார். மக்கள் அதனை விரும்பிப் பார்க்கிறார்களா என்பதையும் காண்பார்.

அவர் குறித்திருந்தது புதன்கிழமை காலை. இரவெல்லாம் ஆடும் கூத்தைப் பட்டப்பகலில் பார்க்க ஆள் ஏது? ஆண்கள் கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு வேலைக்குச் சென்றுவிடுவர். பெண்கள் நூறுநாள் வேலைத்திட்டத்தில் ஏரியில் மண் வெட்டிக்கொண்டிருந்தனர். அவ்வேலைக்குப் பொறுப்பாளர் ஞானதாசின் அண்ணி சரோஜா.

“ஒரு மணி நேரம் இட்டாந்து குந்த வையேன் அண்ணி,” என்றான் ஞானதாஸ்.

“மத்தியானம் ஓவர்சீயர் வந்து மண்ண அளப்பாரு. பள்ளம் கொறைஞ்சா கூலி கொறையும். அப்பால இவளுங்க என்னியத்தான் புடிச்சிப்பாளுங்க.”

“ஒரு மணி நேரத்துல இன்னா கொறைஞ்சிடப் போவுது? அவங்களுக்கும் நம்ம கூத்துன்னா உசுரு. சும்மா கூப்டாலே வருவாங்க.”

கடைசியாகச் சொன்னதை அவன் மெய்யாகவே நம்பினான்.

புதனன்று சரோஜா அழைத்துவர, பெண்கள் மண்வெட்டியும் கூடையுமாக வந்து, அவற்றைத் திடலின் ஓரத்தில் அடுக்கிவிட்டுத் தார்ப்பாயில் அமர்ந்தனர். மதிப்பீட்டாளர் ஜெயகிருஷ்ணன், வழியில் பாலம் பழுது பார்த்துக்கொண்டிருந்தமையால், வெகுநேரம் தாமதித்தே வந்து சேர்ந்தார். கலைமீது பற்றுள்ள அவர், காக்க வைத்தமைக்காகப் பெண்களை நோக்கிக் கைகூப்பினார். நிறைந்திருந்த திடலைத் தம் கைபேசியில் படமெடுத்துக்கொண்டார்.

“இந்தக் கஷ்டகாலத்திலும் இவ்வளவு பேர் வந்திருக்கிறார்களே,” என்றார்.

“எப்பவும் வருவாங்க சார்,” என்றான் ஞானதாஸ்.

வெள்ளத்தால் நலிந்த நாட்டின் அரசனாக அவன் மேடையேறினான். கட்டியங்காரன் வேடமிட்டவன் அவன் மைத்துனன் கிருபாகரன். அன்று காலைவரை ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு நேராக வந்து முகத்தில் சாயம் பூசிக்கொண்டவன். கட்டியங்காரனுக்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. அன்றன்று அந்தந்த ஊரில் நடப்பதைக் கொண்டு யாரையும் கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு. அரசன் வேடத்தினுள் நின்றபடியே அதற்கு மறுமொழி சொல்லியாக வேண்டும். பெண்கள் வந்த விதத்தை மதிப்பீட்டாளர் அறியலாகாது என்று கிருபாகரனிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

“கட்டியங்காரா, நம் நாட்டில் குடிகளுக்குக் குறையுண்டோ?” என்று அரசன் வினவினான்.

“கொறையா? இன்னா ராஜா அப்டி கேட்டுட்ட? ஏரியில மண்ணு வெட்டிகினு இருந்த சனத்த இட்டாந்து நெழல்ல குந்த வெச்சிகீற. குந்தறதுக்குக் கூலி குடுக்கற ராஜா வேற எந்த நாட்ல கீறான்?”

பெண்கள் சிரித்தனர். முன்வரிசையிலிருந்து ஜெசிந்தா குரல் கொடுத்தாள்: “எங்க குடுக்கறாரு? ஓவர்சீயர் வந்தா பாதிக்கூலிதான். இந்த மூஞ்சியப் பாக்கவா அவ்ளோ செலவு?”

“அக்கா, ராஜாவுக்குப் பவுடரு செலவே அதுக்கு மேல.”

மீண்டும் சிரிப்பு எழுந்தது. அன்றைய ஆட்டத்தில் அவர்கள் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான். ஜெயகிருஷ்ணனும் சிரித்தார், பின்னர் அவர் பார்வை திடலோரத்துக் கூடைகளின்மேல் சென்று நின்றது.

ஆர்மோனியம் ஒரே சுரத்தில் காத்திருந்தது. ஞானதாசுக்குக் கிருபாகரனை அறையலாம்போல் இருந்தது. ஆனால் அவனோ, நல்ல கேலியொன்றைச் சொல்லிவிட்ட மகிழ்ச்சியோடு அரசனின் மறுமொழிக்காகக் காத்து நின்றான்.

“குடிகளே, உங்கள் வேலையைக் கெடுத்தது அரசன் செய்த பிழை. போக வேண்டியவர்கள் இப்போதே போகலாம். இருக்க விரும்புவோர் இருங்கள்.”

சொல்லும்போதே யார் யார் இருப்பார்கள் என்று அவன் மனம் கணக்கிட்டது. விடிய விடிய அவன் கூத்தைப் பார்த்தவள் ஜெசிந்தா. அவளேனும் இருப்பாள் என்று எண்ணினான்.

முதலில் எழுந்தவள் அவளே. ஒருவரிடத்தும் கோபமில்லை. “வர்றோம் ராஜா,” என்று சிலர் விளையாட்டாகச் சொல்லிக் கூடைகளை எடுத்துக்கொண்டு விரைந்தனர். சரோஜா மேடைப்பக்கம் திரும்பாமலேயே அவர்கள்பின் சென்றாள். தார்ப்பாய் முழுவதும் வெறுமையாயிற்று.

சலங்கை கட்டியவன் பாதியில் நிறுத்தலாகாது. நாற்காலியில் அமர்ந்திருந்த ஒரே மனிதருக்காக ஞானதாஸ் எஞ்சிய ஆட்டத்தை ஆடி முடித்தான்.

ஜெயகிருஷ்ணன் அருகில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார். “ஆட்டம் நன்றாகவே இருந்தது. முதலில் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. அதை வைத்தே எழுதிவிடுகிறேன்.”

அந்தக் கனிவு கேலியைக் காட்டிலும் வலித்தது. தலையை அசைத்தால் போதும்; குழு இன்னோர் ஆண்டு பிழைத்துவிடும்.

“வேணாம் சார்.”

“படம் இல்லையென்றால் இவ்வாண்டு கிடைப்பது கடினம்.”

“தெரியும் சார். அந்தக் கூட்டம் நா இட்டாந்தது. போலாம்ன உடனே போயிட்டாங்க. அத்தியே எழுதிடுங்க.”

அவர் கைகூப்பிவிட்டுத் தம் காருக்குச் சென்றார்.

கிருபாகரன் தண்ணீர்ச் செம்போடு வந்தான். “தெரிஞ்சிருந்தா வாயத் தொறந்திருப்பனா மச்சான்?”

“நீ இல்லாததயா சொன்ன?”

“ஓவர்சீயர் வண்டி ஏரிக்கரையில நிக்குது. வா, அவங்கள நாமளே இட்டுகினு போயிட்டோம், கூலிய கொறைக்காதீங்கன்னு சொல்லலாம். நீ சொன்னா கேப்பாரு.”

“மொகம் கழுவிட்டு வரேன். இந்தக் கோலத்தோட எப்டி வர்றது?”

கிருபாகரன் தண்ணீர் ஊற்றினான். சாயம் முழுவதும் போயிற்று. “போதும் மச்சான், வா,” என்றான். “இன்னும் கொஞ்சம் ஊத்து,” என்று ஞானதாஸ் குனிந்தே இருந்தான். ஓவர்சீயரின் வண்டி கரையை விட்டு இறங்கிச் செல்லும் ஓசை கேட்கும்வரை அவன் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.