கடைசி ஆள்

“தையல் வெளிய இருக்கணும்,” என்றார் அப்பா.

மாட்டிவிட்ட காலுறையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மகள் மறுபடியும் மாட்டினாள். விரல் இடுக்குகளிலும் குதிகாலிலும் வாஸ்லின் தடவியாகிவிட்டது. எல்லாம் அவர் சொன்ன வரிசையில்தான். பல நாளாகக் கஞ்சிகூட இறங்காத மனுஷர் காலையிலிருந்து கட்டில் விளிம்பில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, சாயமாட்டேன் என்கிறார். எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ.

ஷூ நுழையவில்லை. நடக்க நடக்கக் கால் வீங்கும், ஓர் அளவு பெரிதாகவே வாங்குங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். தனக்கும் அப்படித்தான் வாங்கியிருந்தார். சிறுநீரகம் கைவிட்ட பிறகு வந்த வீக்கம் அந்தக் கணக்கில் இல்லை.

“லேஸ் கட்டிட்டியா?”

“கட்டிட்டேன்ப்பா.”

கட்டவில்லை. அவர் கால்விரல்களை மட்டும் ஷூவுக்குள் செருகி வைத்திருந்தாள்.

“ஏறும்போது மேல தளர்த்தியா இருக்கட்டும். இறங்கும்போதுதான் இறுக்கணும்.”

“தெரியும்ப்பா.”

தெரியாமல் என்ன? வருஷம் முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டி உட்கார்ந்தே கிடந்தவர், வருஷத்துக்கு ஒரு தடவை தெருக்காரர்களோடு மலைக்கோயிலுக்கு நடந்து போவார். போகிற காலம் நெருங்கினால் போதும், புதிதாக நடக்கப்போகிறவர்கள் யோசனை கேட்டு வாசலில் வந்து நிற்பார்கள். புது ஷூவோடு கிளம்பாதே, முதலில் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகு. தண்ணீரை மடமடவென்று குடிக்காதே, வாயை நனைத்து நனைத்துக் குடி. தங்குகிற இடத்தில் பையைக் காலுக்கு அடியில் வைத்துப் படு. அவர் பேசி முடிப்பதற்குள் அவள் போட்டுவைத்த டீ ஆறிப்போகும். ஓர் அடிகூட நடக்காமல் முழு யாத்திரையும் அவளுக்கு மனப்பாடம்.

கூட்டத்தின் முன்னால் கொடிக்காரர் போவார். கடைசியில் அப்பா. அவருக்குப் பின்னால் ஓர் ஆள்கூட இருக்கக்கூடாது, அதுதான் அவர் வேலை. எல்லாரும் தங்குமிடம் வந்து சேரும்வரை கடைசி ஆள் உட்காரக்கூடாது என்று ஒரு சட்டம் வேறு வைத்திருந்தார்.

வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு, அவளைக் கதவோரம் கூப்பிட்டாள்.

“இன்னிக்குத் தாண்டாதுங்க. தலையணைய உயரமா அடுக்கி, அப்படியே சாய விடுங்க. உடம்பு ஓயணும்னு பாக்குது, இவரு விடமாட்டேங்கறாரு.”

அவள் அவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, தோளை அவர் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள். தோள் மரத்துப்போயிற்று. மாதக்கணக்கில் தூக்கி, துடைத்து, மாற்றி, அந்தத் தோள் எப்போதோ அவளுடையதாக இல்லாமல் போயிருந்தது.

“சாயுங்கப்பா.”

“இன்னும் ஒரு ஆள் வரணும்.”

“யாரு?”

அவர் வாசலையே பார்த்தார். “புது ஷூ போட்டுட்டு வந்தானே.”

தம்பி. அவன் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தடவை அப்பாவோடு நடக்கக் கிளம்பினான். சொல் பேச்சுக் கேட்காமல் அன்றைக்குத்தான் வாங்கின ஷூ. பாதி வழியில் குதிகால் உரிந்துபோக, யாரிடமும் சொல்லாமல் ஒரு லாரியில் ஏறி வீடு வந்து சேர்ந்துவிட்டான். மகன் பின்னால் வருகிறான் என்று நினைத்து அப்பா பொழுது சாயும்வரை ரோட்டோரம் நின்றிருக்கிறார். அப்புறம் வருஷக்கணக்காக, வீட்டில் யாராவது தாமதமாக வந்தால் “லாரி கெடைக்கலையா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவனும் சேர்ந்துதான் சிரிப்பான்.

இப்போதும் அவன் வழியில்தான் இருந்தான். வேலை செய்கிற ஊரிலிருந்து கிளம்பி, வண்டி மாறி மாறி வந்துகொண்டிருந்தான். காலையிலிருந்து போனில் ஒரே பேச்சு: “இன்னும் கொஞ்ச நேரம்க்கா.”

அப்பாவின் முதுகு நடுங்கியது. ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ இழுத்துக் கொண்டுவந்தார். அப்பா இருக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவளுக்குத் தீர்ந்துபோயிருந்தது. அவர் கொஞ்சம் சாய வேண்டும், அவ்வளவுதான். தானும் சாய வேண்டும்.

“எல்லாரும் வந்தாச்சுப்பா,” என்றாள்.

“அவன்?”

“வந்துட்டான். பின்னாடி கால் கழுவிட்டு இருக்கான்.”

“கொப்புளமா?”

“லேசா.”

“தோல உரிச்சுடப் போறான். ஊசில நூலக் கோத்து உள்ள விடச் சொல்லு. தண்ணி தானா எறங்கிடும்.”

“சொல்றேன்.”

அவர் சாய்ந்தார். அவள் விலகி, தலையணைகளை அடுக்கி, ஷூவை உருவி எடுத்தாள். காலுறையைக் கழற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தபோது அறையில் அவள் மூச்சு மட்டும்தான் கேட்டது.

தம்பி வந்தபோது அப்பாவின் தாடையைத் துணியால் கட்டியாகிவிட்டது. ஆபீஸ் சட்டையோடு, கறுப்பு ஷூவோடு அப்படியே ஓடி வந்திருந்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதான்.

“என்னையக் கேட்டாராக்கா?”

“மொதல்ல முகத்தக் கழுவிட்டு வா,” என்றாள்.

மறுநாள் காலை வண்டி மெதுவாக மயானத்துக்குக் கிளம்பியது. யாத்திரைக் கூட்டம் முழுக்க வந்திருந்தது. கொடிக்காரர் கொடியில்லாமல் முன்னால் நடந்தார். கூட்டத்திலேயே மெதுவாக நடக்கிறவருக்கு ஏற்ற வேகம்தான் அவருக்குப் பழக்கம், அதனால் வண்டிக்காரர் அடிக்கடி பிரேக் போட வேண்டியிருந்தது. அப்பா முன்னால் போய்விட்டதில் கடைசியில் யாரும் இல்லை. யாருக்கும் அது தோன்றியதாகத் தெரியவில்லை. அவள் நடையைக் குறைத்து அங்கே வந்து சேர்ந்துகொண்டாள்.

சற்றுநேரத்தில் தம்பியும் பின்தங்கினான். நொண்டினான்.

“நீ வண்டி பக்கத்துல இருக்கணும்டா.”

“ஷூ கடிக்குது.” அவள் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டான். “சொல்லுக்கா. கேட்டாரா?”

“கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“நீ வந்துட்டன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் சாஞ்சாரு.”

அவன் நின்றுவிட்டான். அவளும் நின்றாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

“சொல்லாம இருந்திருந்தா, நான் வர்ற வரைக்கும் தாங்கியிருப்பாரா?”

இல்லையென்று சொல்லியிருக்கலாம். நர்ஸ் சொன்னதைச் சாட்சிக்கு இழுத்திருக்கலாம். ஒரு பொய்க்கே அவளிடம் இருந்த தெம்பெல்லாம் செலவாகியிருந்தது.

“தாங்கியிருப்பாரு,” என்றாள். “என்னாலதான் பாத்துட்டு இருக்க முடியல.”

ரோட்டோரத்தில் ஒரு கட்டைச் சுவர் இருந்தது. அவன் அதில் போய் உட்கார்ந்து, குனிந்து லேஸை அவிழ்த்தான். தூரத்தில் வண்டி வளைவில் திரும்பியது, கூட்டமும் ஒவ்வொருவராகத் திரும்பியது.

“நீ போக்கா. நான் வந்துடறேன்.”

அவள் போகவில்லை.

அவன் ஷூவைக் கழற்றினான். காலுறையையும் கழற்றினான். குதிகால் சிவந்து, தோல் எழும்பியிருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டான். பிறகு காலுறையை உதறி, தையல் வெளியே வரும்படி திருப்பி, நிதானமாக மறுபடியும் மாட்டிக்கொண்டான். சுவரில் அவனுக்குப் பக்கத்தில் நிறைய இடம் இருந்தது. அவள் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள்.