இரண்டாம் நம்பர் டைல்

காலை ஆறரைக்குப் பால்கனியில் காலடி கேட்டது. தோருன் காபிக் கோப்பையைப் பிடித்தபடி எண்ணினாள். போக ஏழு அடி. ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் சத்தமில்லை. திரும்பி வர ஐந்து. அவ்வளவுதான். மீதி இரண்டு அடி இத்தனை நாளாக வரவே இல்லை.

அவள் புருஷன் ஐலிஃப் செத்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. செத்தவன் நடக்கிறான் என்று வெளியே சொன்னால் என்ன செய்வார்கள்? மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. அவள் ஊரான பெர்கனில் விடாமல் பெய்கிற மழைகூட ஏதோ ஒருநாள் ஓய்ந்துவிடும், அந்தக் காலடி ஓயாது.

அந்த மர டைல்களை வாங்கிப் போட்டது அவன்தான். மேலே மரச்சட்டம், அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் வலை, நாலு பக்கமும் கொக்கி. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக் குதிகாலால் மிதித்தால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். பசை, ஆணி, கொத்தனார் ஒன்றும் வேண்டாம். மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு. ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் நம்பர் எழுதியிருந்தான். வருஷா வருஷம் அக்டோபரில் எல்லாவற்றையும் கழற்றி, வடிகாலில் அடைத்த இலைகளை அள்ளி, தேய்த்துக் கழுவி, எண்ணெய் பூசி, நம்பர் பார்த்துத் திரும்பப் போடுவான். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தால்தான் மற்றவர் கொக்கி உடையாமல் கழற்ற முடியும்.

அந்தக் கடைசி அக்டோபரிலும் கூப்பிட்டான். "தோருன், சித்த வந்து பிடியேன்."

அன்றைக்கு டுக்நாட். குடியிருப்பு மொத்தமும் கூடி முற்றத்தைப் பெருக்கி, வாஃபிள் தின்று கலைகிற நாள். வராதவர்களைப் பற்றி அடுத்த டுக்நாட் வரைக்கும் பேசுவார்கள். "ஊர் வேலை முடியட்டும், அப்புறம் நம்ம வேலையப் பாக்கலாம், போய்யா!" என்று தோருன் மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். சாயங்காலம் முற்றத்தில் மருந்துக்குக்கூட ஓர் இலை இல்லை. அவள் வீட்டு வடிகாலில்தான் அத்தனையும் கிடந்தன. அவள் சொன்ன அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

ஜனவரியில், டைலுக்கு அடியில் தேங்கிய தண்ணீர் உறைந்தது. கதவுப் பக்கமிருந்த இரண்டாம் நம்பரை ஐஸ் மேலே நெம்பிக் கொக்கியை உடைத்தது. சிகரெட் முடித்துத் திரும்பியவன் அதில் தடுக்கி விழுந்தான். குளிர் வருமே என்று அவள் கதவை உள்ளே தாழ் போட்டிருந்தாள். எப்போதும் அப்படித்தான். அவன் தட்டுவான், இவள் திறப்பாள், "ஷூவக் கழட்டு" என்பாள். அன்றைக்கு ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது; அது முடிந்து அவள் கதவைத் திறந்தபோது அவன் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. அவன் தட்டினானா, தட்டக்கூட முடியாமல் கிடந்தானா? பாவி, அதுகூட எனக்குத் தெரியாதே என்று அவள் தினமும் செத்துப் பிழைத்தாள்.

இந்த அக்டோபரில் கீழ்வீட்டு போர்கில் மேலே வந்தாள்.

"உன் பால்கனித் தண்ணி என் வீட்டுல சொட்டுதுடி. சனிக்கிழம டுக்நாட்ல ரெண்டு ஆம்பளைங்கள அனுப்பி டைலப் பேத்துடலாம்னு சொல்லிட்டாங்க."

"ஒருத்தனும் கை வைக்கக் கூடாது."

"அட, உனக்கு ஒத்தாசைதானே!"

"நான் கேட்டேனா?"

போர்கில் போகாமல் நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. காலையில உன் வீட்டுல யாரு நடக்கிறது?"

தோருன் அவள் கையைப் பிடித்தாள். "உனக்குமா கேக்குது?"

"ஜன்னலத் திறந்து வெச்சுத் தூங்குறவ நான், கேக்காதா? போறாரு. திரும்புறாரு. ஆனா வந்து சேர மாட்டேங்கிறாரே! படுத்திருக்கிற எனக்கே அதுக்கப்புறம் தூக்கம் வர்றதில்ல."

அவள் போன பிறகு தோருன் பால்கனிக் கதவருகே போய் உட்கார்ந்தாள். இரண்டாம் நம்பரைச் சரிசெய்தால் அவன் வீடு சேர்ந்துவிடுவான். சேர்ந்துவிட்டால் மறுநாள் எதற்கு நடப்பான்? அந்தப் பன்னிரண்டு அடியை விட்டால் அவளுக்கு அவனிடமிருந்து வேறெதுவும் இல்லை. செய்யாமல் விட்டால் அவன் இருப்பான். ஆனால் வெளியே இருப்பான், குளிரில்.

சனிக்கிழமை, அந்தக் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவள் டுக்நாட்டுக்கு இறங்கவில்லை. பால்கனிக் கோடியில் முட்டி போட்டு உட்கார்ந்து இருபத்தொன்றாம் நம்பரை நெம்பினாள். அது அசைந்து கொடுக்கவில்லை.

"நகரு. பிடிக்க ஒரு ஆளு வேணும்ல?" போர்கில்தான். சேறு அப்பிய கையுறையோடு வந்து நின்றாள்.

"கீழ உன்னத் தேட மாட்டாங்க?"

"தேடட்டும். நான் இல்லாம இலை கூட்டத் தெரியாதா அவங்களுக்கு?"

ஒருத்தி பிடித்தாள், ஒருத்தி கழற்றினாள். அடியில் இரண்டு வருஷத்து இலை கறுத்து அழுகி நாறியது. வாளி வாளியாக அள்ளினார்கள். வடிகால் கடகடவென்று தண்ணீரைக் குடித்தது. கடைசி வரிசையில் இரண்டாம் நம்பர் தானாகக் கையோடு வந்தது. ஒரு பக்கத்துக் கொக்கி இல்லை.

சாமான் அறையில் உபரி டைல்கள் பெட்டியில் இருந்தன. மேலாக இருந்ததை எடுத்துத் திருப்பினாள். அதன் முதுகில் ஏற்கெனவே பென்சிலால் 2 என்று எழுதியிருந்தது. ஐலிஃபின் கையெழுத்து.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கொக்கி பலவீனமாக இருப்பது தெரிந்து, மாற்று டைலும் எடுத்து வைத்து, பிடிக்க ஆளில்லாமல் காத்திருந்திருக்கிறான். அவள் கீழே வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தாள். சாமான் அறைத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். போர்கில் பால்கனியில் டைல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் புது இரண்டைப் பொருத்தித் தோருன்தான் மிதித்தாள். டக்.

ஞாயிறு காலை ரேடியோவைப் போடவில்லை. கதவருகே நின்றாள். ஆறரைக்குத் தொடங்கியது. போக ஏழு. அமைதி. திரும்பி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

அவள் கதவின் கைப்பிடியைப் பற்றினாள்.

ஆறு. ஏழு.

கண்ணாடியில் இரண்டு தட்டு விழுந்தது. கை கொஞ்சம் தளர்ந்த தட்டு.

"தட்டினியா நீ? அன்னைக்கும் தட்டினியா?" கைப்பிடி வழுக்கியது. இரண்டு கையாலும் திருப்பிக் கதவை அகலத் திறந்தாள். குளிரும் புகையிலை வாசனையும் அவளைத் தாண்டி உள்ளே போயின. நாற்பது வருஷப் பழக்கம், நாக்கு நுனிக்கு அந்த வார்த்தை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"ஷூவோடயே வாய்யா."

பளபளவென்று துடைத்திருந்த தரையில் ஈர அடிகள் கதவிலிருந்து அவன் நாற்காலிவரை போயிருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீருக்கே சத்தம் போடுகிறவள் துணியை எடுக்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஆறரைக்கு எண்ணுவதற்குத் தயாராக நின்றாள். வெளியே மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.