வெள்ளைக் கட்டடத்துக்குப் பின்னால்

வேனின் நடுவில் இருந்த சீட்டுகளையெல்லாம் கழற்றி வாசலில் அடுக்கியாயிற்று. முன்னால் இருந்த ஒற்றை சீட்டை மட்டும் டிரைவர் தொடவில்லை. ஸ்பேனரைத் துணியில் துடைத்தபடியே நின்றார்.

"அதையும் எடுத்துடுங்க மாமா. அம்மாவைத் தூக்கிட்டு ஏறும்போது இடிக்கும்," என்றாள் மகள்.

"அது அக்கா சீட்டு."

"அம்மா இன்னைக்கு அதுல உக்காரப் போறதில்லையே."

"அதுக்காக?"

இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

தீவுக்கு இருப்பது ஒரே ஆம்புலன்ஸ். அது பழுதாகி அக்கரையில் கிடந்தது. அதனால்தான் சுற்றுலா வேன். அதன் பக்கவாட்டில் 'வாருங்கள், தீவைச் சுற்றிப் பார்ப்போம்' என்று மஞ்சளில் பெரிதாக எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு போர்வையைத் தொங்கவிட்டு அதை மறைக்கப் பார்த்தாள். ஏரிக்காற்று போர்வையை நிற்கவிடவில்லை. "கிடக்கட்டும் விடுங்க. இருபத்தஞ்சு வருஷமா அக்கா அதைச் சொல்லித்தானே எல்லாரையும் கூப்பிட்டுச்சு," என்றார் டிரைவர்.

அந்த வேனின் கைடு அம்மாதான். கைடம்மா என்றால் தீவில் எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் காலையில் டிரைவர் வழக்கம்போல வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்திருக்கிறார். கைடம்மா வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, புறப்படத் தயாராக நாற்காலியிலேயே போயிருந்தாள். டிரைவர் கொஞ்ச நேரம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வெளியே வந்து சொன்னாராம். மகள் இன்று காலைப் படகில் வந்து சேர்ந்தாள்.

அந்தத் தீவில் யாரையும் புதைப்பதில்லை. அரையடி தோண்டினால் பாறை; எரிக்க விறகும் கிடையாது. போகிறவர்கள் எல்லோரும் கடைசியாக ஒருமுறை படகேறி அக்கரைக்குப் போயாக வேண்டும். கைடம்மா மட்டும் வீம்புக்காரி, உயிரோடு ஒருநாளும் அக்கரைக்குப் போனதில்லை. "வரமாட்டேன்னு சொன்னா வரமாட்டேன்" என்று மகளிடம் சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றிவிட்டாள்.

நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். தலை பின்பக்கம், கால் முன்பக்கம். மகளுக்கு உட்கார அந்த ஒற்றை சீட்டைத் தவிர வேறு இடம் இல்லை. அது பயணிகளைப் பார்த்துத் திரும்பியிருந்த சீட்டு. டிரைவருக்கு முதுகு காட்டி, அம்மாவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தலைக்கு மேல் கொக்கியில் மைக் தொங்கியது. அதன் வயர் சுருண்டு தோளில் உரசியது.

"சாயங்காலப் படகைப் பிடிச்சாகணும் மாமா. அங்க தம்பி மயானத்துல நேரம் வாங்கி வெச்சிருக்கான். தவறினா நாளைக்குத்தான்."

"குறுக்கு ரோட்டுல போனா ரெண்டு பாட்டு முடியறதுக்குள்ள போயிடலாம்," என்றார் டிரைவர். அவருக்கு ஊரார் வைத்த பெயர் நத்தை. அவர் சொல்கிற இரண்டு பாட்டுக்குள் வேறு யாராவது ஓட்டினால் திரும்பியே வந்துவிடலாம்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வேன் நகரவில்லை.

"என்ன மாமா?"

"தட்டணும்."

"எதை?"

"உன் தலைக்குப் பின்னாடி இருக்கிற தகரத்தை. எல்லாரும் ஏறிட்டாங்களான்னு எண்ணிப் பாத்துட்டு அக்கா ரெண்டு தட்டு தட்டும். அப்பதான் எடுப்பேன்."

"எண்ணுறதுக்கு இங்க யாரு இருக்கா? நானும் அம்மாவும்தான். எடுங்க."

எடுத்தார். வேன் துள்ளி நின்றுபோனது. மறுபடி எடுத்தார். "கால் கேக்க மாட்டேங்குது," என்று தனக்குள் முனகிக்கொண்டார்.

பின் கண்ணாடியில் ஊர் சிறிதாகிக்கொண்டே போனது. வீடு, வாசலில் அடுக்கிய சீட்டுகள், கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள், எல்லாம் மெல்ல வெள்ளையில் கரைந்தன. ஏரியிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் தூங்காத கண். பின்னோக்கிப் போகிற பயணம் ஒரு மாதிரி தொட்டில். எதிரே அம்மாவின் முகம் வண்டியின் ஆட்டத்துக்கு லேசாக அசைந்தது, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்கிற மாதிரி. இருந்தபோது ஒரு தடவையாவது அப்படிச் சொல்லியிருப்பாளா? மகளுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே கண்ணை மூடினாள்.

திறந்தபோது ஜன்னல் முழுக்கத் தண்ணீர். பனிக்கு நடுவே தகடு மாதிரி மின்னிக்கொண்டு கூடவே வந்தது. நல்லா இருக்கே என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. குறுக்கு ரோட்டில் ஏது தண்ணீர்?

"மாமா, இது கரை ரோடு."

"ஆமா."

"ஏன் இதுல வந்தீங்க?"

"தெரியல பாப்பா. பிரிவுகிட்ட வந்ததும் கை திருப்பிடுச்சு. நான் கவனிக்கறதுக்குள்ள சின்னத்துறை வந்துடுச்சு."

"திருப்புங்க."

"இந்த ரோட்டுல வேன் திரும்பாது. கோட்டை வாசல்லதான் திருப்ப முடியும்."

சின்னத்துறை என்பது ஒரே தெரு. நீலக் கதவு வைத்த வீடுகள், நின்றுபோன கடிகாரம் வைத்த ஒரு மணிக்கூண்டு, படகு கட்டுகிற நாலு கல். தினம் அந்த நேரத்துக்கு வேன் வரும்போது வாசலில் நின்று கையாட்டுவது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். பழக்கத்தில் கையைத் தூக்கினார். தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தன் தலையையே தடவிக்கொண்டார். உள்ளே பாதி வெட்டின தலையோடு ஒருவர் எழுந்து நின்றார்.

"அந்தக் கடிகாரம் ஏன் நின்னுச்சுன்னு தெரியுமா?" என்றார் டிரைவர்.

"தெரியாது. என்னை எப்ப அம்மா இந்த வேன்ல ஏத்தினாங்க? தீவுல பொறந்தவளுக்கு எதுக்குடி டூருன்னு இறக்கி விட்டுடுவாங்க."

"பக்கத்து வீட்டுல பிரசவம் நடந்துச்சாம். குழந்தை பொறக்கற வரைக்கும் மணி அடிச்சுத் தொந்தரவு பண்ண வேணாம்னு நிறுத்தினாங்களாம். அப்புறம் ஓட விடறதுக்கு மறந்துட்டாங்களாம்."

"நிஜமாவா?"

"அக்கா சொல்லும். நான் எங்க போய் விசாரிக்கறது?"

போன் அடித்தது. தம்பி.

"எங்க இருக்கீங்கக்கா? இங்க எல்லாம் ரெடி."

"கோட்டைகிட்ட வர்றோம்."

"கோட்டையா? அங்க எதுக்குப் போனீங்க?"

"அம்மாவைக் கேளு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோட்டை வாசலில் வேன் நின்றது. ஒரு வயதான தம்பதி குடையும் பையுமாக ஓடி வந்தார்கள். வேனில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "இடம் இருக்கா?" என்றார் பெரியவர்.

"இன்னைக்கு டூர் இல்லீங்க," என்றார் டிரைவர்.

"வண்டி ஓடுதே. கைடு எங்க?"

"உள்ள படுத்திருக்காங்க."

"வேலை நேரத்துல தூங்கினா எப்படிப்பா?" என்று அந்த அம்மாள் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கணவனின் முழங்கையைப் பிடித்தாள். அவர் குடையை மடக்கினார். தூறல் அவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. "மன்னிச்சுக்கங்கம்மா," என்றார் மகளைப் பார்த்து.

"பரவாயில்லங்க. கோட்டையைப் பாத்தீங்களா?"

"பாத்தோம். முன்னாடி மட்டும்தான் மதில் இருக்கு. பின்பக்கம் ஒண்ணையும் காணோமே."

மகளுக்குத் தெரியாது. டிரைவரைப் பார்த்தாள்.

"எதிரி மரியாதை தெரிஞ்சவன், முன்வாசல் வழியாத்தான் வருவான்னு நம்பினாங்களாம்," என்றார் டிரைவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அந்தப் பெரியவர் சிரித்துவிட்டார். சிரித்ததற்காகத் திரும்பவும் மன்னிப்புக் கேட்டார்.

அவர்கள் போன பிறகு டிரைவர் கண்ணாடி வழியாகக் கேட்டார். "இங்க திருப்பலாம். திருப்பட்டுமா?"

"இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

"கலங்கரை விளக்கம் ஒண்ணுதான். அதைப் பாத்துட்டுப் போனா படகு கிடைக்குமான்னு சொல்ல முடியாது."

"அப்ப திருப்புங்க."

டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்கவில்லை. "நீ கோச்சுக்கக் கூடாது. அங்கதான் உன்னைப் பத்தி வரும்."

"என்னைப் பத்தியா? யார்கிட்ட?"

"வர்றவங்ககிட்ட. தினமும்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். போனில் 'சாப்பிட்டியா', 'ம்', 'மழையா', 'ம்' என்பதற்கு மேல் தாண்டாதவள். அக்கரையில் வேலை கிடைத்துப் போகிறேன் என்று மகள் சொன்ன நாளிலிருந்து அப்படித்தான். கோபம் ஆறியதா இல்லையா என்று கேட்கப் பயந்து கேட்காமலே வருஷங்கள் ஓடின. இனிமேல் யாரிடம் கேட்பது? இவளைப் பற்றி ஊர் பேர் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாளாமே.

"திட்டுமா?"

"அங்க வந்தாத்தான் சொல்லுவேன். இங்க வெச்சுச் சொல்ல எனக்கு வராது."

தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது. படகின் முகப்பும். மகள் கையைப் பின்னால் நீட்டித் தகரத்தைத் தட்டினாள், ஒருமுறை, இன்னொரு முறை. வேன் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது.

கலங்கரை விளக்கம் தீவின் முனையில் இருந்தது. விளக்கு இல்லாத வெறும் கோபுரம். புறாக்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தன. டிரைவர் பின்கதவைத் திறந்து வைத்தார், அம்மாவுக்கும் காற்று வரட்டும் என்பதுபோல. தூறல் நின்றிருந்தது. பனி ஒரு பக்கமாக விலகி, ஏரிக்கு அப்பால் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. அக்கரை.

டிரைவர் தண்ணீர் ஓரத்துக் கல்லில் ஏறி நின்றார். மைக் பிடிக்கிற மாதிரி முஷ்டியை வாய்க்கு நேரே கொண்டுபோனவர், வெட்கப்பட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

"முதல்ல ஒரு கை தண்ணி அள்ளிக் குடிச்சுக் காட்டும். இது கடல் இல்லீங்க, ஏரி, நல்ல தண்ணின்னு. நம்பாம ஒருத்தராவது இருப்பாங்க, அவங்களையும் குடிக்க வைக்கும். அப்புறம் சொல்லும்: 'இந்த விளக்கு அணைஞ்சு ரொம்பக் காலம் ஆச்சு. இப்ப வெளிச்சமெல்லாம் அந்தக் கரையிலதான். அதோ, ஒரு வெள்ளைக் கட்டடம் தெரியுதா? அதுக்குப் பின்னாடிதான் என் பொண்ணு இருக்கா. கண்ணாடிக் கடையில கண் பரிசோதனை பண்றா. உங்கள்ல யாருக்காவது அந்தக் கட்டடம் தெரியலைன்னா நேரா அவகிட்ட போங்க. ஆனா என் பேரைச் சொல்லிடாதீங்க, கோச்சுக்குவா.' இதுக்கு எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சு முடிக்கற வரைக்கும் அக்கா அந்தக் கட்டடத்தையே பாத்துக்கிட்டு இருக்கும். அதுக்கப்புறம்தான் ஏறும். தட்டும்."

மகள் பார்த்தாள். வெள்ளைக் கட்டடம் நன்றாகவே தெரிந்தது. அது ஒரு மாவு மில். அவள் இப்போது இருக்கிற ஊர் அங்கே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் பாதி நாள் போக வேண்டும். தீவின் எந்த மூலையில் நின்றாலும் அது தெரியாது.

"யாராவது போனாங்களா மாமா?"

"ஒருத்தர் போயிருக்கார். அடுத்த வருஷம் திரும்பி வந்து சண்டை. 'அங்க மில்லுதான் இருக்கு, கண்ணாடிக் கடையே இல்ல'ன்னு. அக்கா விடல. 'நீங்க சரியாத் தேடல. என் பொண்ணே கை நீட்டிக் காட்டின இடம்'னு சொல்லிடுச்சு. நானும் அவர் சரியாத் தேடலைன்னுதான் நினைச்சேன்."

கை நீட்டிக் காட்டின இடம்.

புறப்பட்ட அன்று படகுத்துறையில் இரண்டு பேரும் பேசவில்லை. கயிறு அவிழ்க்கிற நேரத்தில் அம்மா, "எங்க இருக்கப் போறன்னாவது காட்டிட்டுப் போ," என்றாள். ஆத்திரத்தில் மகள் தண்ணீருக்கு மேல் கையை வீசினாள். "அதோ, அங்க." எங்கே என்று அவளே பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

தண்ணீர் ஓரத்தில் குந்தி ஒரு கை அள்ளினாள். பல் கூசுகிற குளிர். குடித்தாள்.

"நல்ல தண்ணிதான்," என்றாள்.

"பின்ன," என்றார் டிரைவர்.

படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. படகு போகவில்லை. வண்டிகள் ஏறுகிற முகப்புப் பலகையை இறக்கியபடியே வைத்துக்கொண்டு படகுக்காரர் நின்றிருந்தார். பின்னால் ஒரு பழ லாரிக்காரன் கத்திக்கொண்டிருந்தான்.

"போயிருப்பீங்கன்னு நினைச்சேன்," என்றாள் மகள்.

"இந்த நத்தை வராம நான் என்னைக்கும்மா கயித்தை அவுத்திருக்கேன்? தினமும் நான் கத்துவேன், 'இருய்யா, ஒருத்தர் இன்னும் தண்ணி குடிச்சு முடிக்கல'ன்னு உங்கம்மா சொல்லும்." அவர் வேனுக்குள் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். "ஏறு கைடம்மா. ஒருவழியா ஏறு."

ஏரி அசைவே இல்லாமல் கிடந்தது. படகு போகிறதா, அக்கரை வருகிறதா என்று சொல்ல முடியவில்லை. வெள்ளைக் கட்டடம் பனிக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வந்தது. சாயங்கால வெளிச்சம் பட்டு அதன் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக இருந்தது. பின்கதவு திறந்தே இருந்தது. அம்மாவின் நெற்றியில் விழுந்த முடியை மகள் ஒதுக்கிவிட்டாள்.

டிரைவர் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். வெகுநேரம் அந்தக் கட்டடத்தையே பார்த்தார்.

"அதுக்குப் பின்னாடிதானே பாப்பா?"

"ஆமா மாமா. கொஞ்சம் பின்னாடி."

"நான் சொல்லல? அந்த ஆளு சரியாத் தேடல."

அக்கரைத் துறையில் தம்பி கையை ஆட்டிக்கொண்டு நின்றான். பலகை இறங்கிக் கரையைத் தொட்டது. டிரைவர் போய் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார். மகள் ஒற்றை சீட்டில் உட்கார்ந்தாள். மைக் மெதுவாக ஆடி நின்றது. எதிரே அம்மாவின் தலைக்குப் பின்னால், திறந்த கதவின் சட்டத்துக்குள், தீவு முழுதாகத் தெரிந்தது.

பக்கத்து வரிசையில் லாரிக்காரன் வழி கேட்டு ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மடக்கிய விரல்கள் தகரத்தைத் தொட்டபடி இருக்க, மகள் தீவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.