மூன்றாவது சிவராத்திரி

மூன்றாம் சாமப் பூசை முடிந்து, திருநீற்றுத் தட்டு எங்கள் வரிசையைத் தாண்டிப் போன கொஞ்ச நேரத்தில், என் மாமியார் சண்முகவடிவு என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். சிவராத்திரியில் யார் வேண்டுமானாலும் தூங்கலாம். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே தேயிலைத் தோட்டத்துச் சனத்தில் பாதி கம்பளியைப் போர்த்திக்கொண்டு குறட்டை விடுகிறது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் தூங்கக் கூடாது.

நேர்த்தி அவருடையது. எனக்குப் பிள்ளை தங்க வேண்டும், அதற்காக மாமியாரும் மருமகளுமாகத் தொடர்ந்து மூன்று சிவராத்திரி கண் மூடாமல் இருப்போம் என்று இதே சன்னிதியில் கற்பூரம் ஏற்றி வேண்டிக்கொண்டார். அது முடிந்த பிறகுதான் நான் தோட்டத்தை விட்டுப் புருஷனிடம் போகலாம். என் புருஷன் பிரதீபன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். வந்த சூடு ஆறுவதற்குள் பஸ் ஏறிவிடுவார். அவர் அங்கே, நான் இங்கே. நான் எத்தனை ராத்திரி கண் விழித்து என்ன, பிள்ளை என்ன தபாலிலா வரும்? வாயைத் திறந்து சொன்னால் சாமிக்குத்தம் ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

முதலில் கெடுத்தது நான்தான். அப்போது நேர்த்தி தொடங்கி இரண்டாம் வருஷம். பகல் பூராவும் கொழுந்து பறித்த உடம்பு, வயிற்றில் பால்கூட இல்லாத வெறும் சாயத்தண்ணி. விடியப் போகிற நேரத்தில் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டேன். மாமியார் தொடையில் கிள்ளி எழுப்பினார். "போச்சு புள்ள. இனி முதல்ல இருந்துதான்," என்றார். அப்படி முதலில் இருந்து தொடங்கியதில் இன்றைக்கு மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை பிரதீபன் என்னைக் கூட்டிப்போக வாடகை வான் பிடித்து வருகிறார். கொழும்புக்குப் பக்கத்தில், வத்தளையில் அறை பார்த்துவிட்டார். ஜன்னலைத் திறந்தால் ரோடு தெரியுமாம். என் உடுப்பெல்லாம் உரப்பையில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

"மாமி," என்று உலுக்கினேன். அசையவில்லை. முன்வரிசையில் இருந்த வீரம்மா அக்கா திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். போதும், இனி விடிவதற்குள் நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை முழுக்கத் தெரிந்துவிடும்.

மைக்கில் குருக்கள் வேடன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். புலிக்குப் பயந்து வில்வ மரத்தில் ஏறியவன், தூங்கி விழுந்துவிடாமல் இருக்க ராத்திரி முழுக்க இலையைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டானாம். கீழே லிங்கம் இருந்தது அவனுக்குத் தெரியாதாம். அதற்கே மோட்சம் கிடைத்ததாம். வருஷா வருஷம் கேட்கிற கதைதான். பக்தியாவது ஒன்றாவது, இறங்க வழியில்லாமல் விழித்திருந்தான் பாவி. அவன் பாடு எனக்குத் தெரியும்.

மாமியாரின் தலை கனத்தது. ஆத்திரத்தோடு ஆத்திரமாக இரக்கமும் வந்து தொலைத்தது. வயசான உடம்பு, பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பட்டினியாக இந்தச் சிமெந்துத் தரையில் எவ்வளவு நேரம்தான் தாங்கும்? என் சால்வையை இழுத்து அவர் மேலும் போர்த்தலாம் என்று பார்த்தேன். வரவில்லை. அதன் நுனி அவர் கையில் சுருட்டிப் பிடித்தபடி இருந்தது. மறுபடி இழுத்தேன். பிடி இன்னும் இறுகியது. தூங்குகிறவர் கை இறுகுமா?

சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பும்போது மாமியார் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவைப் பூட்டிவிட்டு, அந்தப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். லயத்தில் காம்பரா வேண்டுமென்றால் அந்த வீட்டில் ஒருவருக்காவது தோட்டத்து வேலைப் பதிவில் பேர் இருக்க வேண்டும். வயசாகிவிட்டது என்று அவர் பேரை எப்போதோ வெட்டிவிட்டார்கள். மகனுக்கு இங்கே பேரே இல்லை. நான் கூடை தூக்குகிறவரைதான் அவர் தலைக்கு மேல் அந்தத் தகரம். வத்தளை அறையில் இரண்டு பேர் படுக்கவே இடம் பத்தாது என்று பிரதீபன் போனில் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. அப்போ நான் எங்கே போவேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்டு நல்லாத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பையைக் கட்டுகிற மும்முரத்தில் நானும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குனிந்து முகத்தைப் பார்த்தேன். மூடிய இமை துடித்தது.

"மாமி, நீங்க தூங்கல."

வேடன் கதை முடிந்து, குருக்கள் தண்ணீர் குடிப்பது மைக்கில் கேட்டது.

"தூங்கிட்டேன் புள்ள," என்றார், கண்ணைத் திறக்காமலே. "இனி முதல்ல இருந்துதான்."

நாலாம் சாமத்து மணி அடித்தது. படுத்திருந்தவர்கள்கூட எழுந்து தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டார்கள். நானும் எழப் பார்த்தேன். சால்வை இழுத்தது, உட்கார்ந்துவிட்டேன். கத்திவிட வேண்டும் போலிருந்தது. வாசலுக்கு வெளியே, பனிக்கு அப்பால், சிவனொளிபாத மலையின் படிவிளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. யாத்திரை வந்த யார் யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கற்பூரத் தட்டு எங்களிடம் வந்தது. குருக்கள் குனிந்து தாழ்த்திப் பிடித்தார். ஒரு கையால் சுடரைத் தொட்டு என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மறுபடி தொட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் அவருடைய மூடிய கண்ணில் வைத்தேன். விரல் நனைந்தது. சால்வையை அவர் விடவில்லை.