வார்னிஷ் காயும்வரை

“அத எடுக்காண்டாம் தாசையா. வார்னிஷ் ஒணங்கல்ல.”

ரத்னாபாய் சொன்னது காதில் விழுந்தும் தாசையன் மரஸ்டாண்டின் ஒரு முனையைப் பழைய பேப்பரால் பொதிந்து பிடித்தான். காலையில் செத்துப்போன அண்ணனை மத்தியானத்துக்குள் பெட்டியில் கிடத்தியாகிவிட்டது. பெட்டியை எதன்மேல் வைப்பது என்பதுதான் இப்போது பிரச்சினை.

“சர்ச்சு பெஞ்சு ரெண்டும் பேட்டையில ஒரு கல்யாண வீட்டுல கெடக்கு மைனி. தரையெல்லாம் மழவெள்ளம். அண்ணன ஈரத்துலயா வைக்க?”

“ஞாயிறு வரைக்கும் ஆரும் தொடப்பிடாதுன்னு சொல்லியிருக்காரு.”

கூடத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டு விலாசினி, “சேச்சி, இச்சிரி வெள்ளம் குடிக்கூ,” என்று தண்ணீர் டம்ளரை நீட்டினாள். ரத்னாபாய் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. தாசையன்மேல் கோபம் கோபமாக வந்தது.

அவள் புருஷன் ஞானையனுக்கு எதையும் அளவாகச் செய்ய வராது. ஹார்லிக்ஸ் குப்பியில் இரண்டே இரண்டு தங்கமீனை வாங்கிவந்துவிட்டு, அதுகளுக்கு நாலடி நீளத்தில் கண்ணாடித்தொட்டி செய்யச் சாலைக்கடையில் சொல்லிவைத்த மனுஷன். தொட்டியை வைக்க ஸ்டாண்டு வேண்டுமே. ஆபீஸ் விட்டு வந்து தானே அயினிப்பலகையை அறுத்து, தானே இழைத்து, தூண் போல நாலு காலும் வைத்தார்.

“ஆனையக் கெட்டவா போறீரு?” என்று கேட்டாள்.

“தண்ணிக்க எடை ஒனக்குத் தெரியாதுட்டி. ஏறி இரி, பாப்போம்.”

ஏறி உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் காலை ஆட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஸ்டாண்டு முனகக்கூட இல்லை.

முதல் பூச்சு வார்னிஷ் நேற்று சாயங்காலம். மழை விட்டதும் ஈசல் கிளம்பி பல்பைச் சுற்றியது. ஒவ்வொன்றாக வந்து வார்னிஷில் ஒட்டியது. ஈர்க்குச்சியால் பொறுக்கிப் பொறுக்கி மாளாமல் அவர் லைட்டையே அணைத்துவிட்டார். இருட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். “மனுஷரவிட மரமாக்கும் பெரிசு,” என்று அவள் முனகினாள். அவர் சிரித்தது மட்டும் கேட்டது.

இன்று காலையில் இரண்டாம் பூச்சு. “ஞாயிறு வரைக்கும் ஒருத்தரும் தொடப்பிடாது. நீயுந்தான்,” என்று சொல்லிவிட்டுப் பிரஷைக் கழுவக் கிணற்றடிக்குப் போனார். அங்கேயே விழுந்தார். நெஞ்சு நின்றுவிட்டதாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைத் தாசையனிடம்தான் சொன்னார். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே மனதில் நின்றது. வீட்டில் இன்னும் டர்பன்டைன் வாசனை அடித்தது.

வெள்ளைத்துணி பொதிந்த பெட்டியை ஸ்டாண்டின்மேல் இறக்கினார்கள். முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு நின்றது. யாரோ ஒருவர் குனிந்து காலைத் தட்டிப் பார்த்து, “நல்ல உறப்பாட்டுத்தான் பண்ணியிருக்கான்,” என்றார். பொன்முடி எஸ்டேட்டிலிருந்து ஞானையனின் தங்கை தாசம்மாள் வந்து சேர பஸ் கிடைக்க வேண்டும். அதனால் அடக்கத்தை மறுநாளைக்கு வைத்தார்கள்.

மறுநாள் போதகர் ஜெபத்தை முடித்ததும் ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். கூடவே ஸ்டாண்டும் எழும்பியது.

தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இறக்குவதா, கொண்டுபோவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாலு காலும் தரையைத் தொடாமல் தொங்கின. தாசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் சொன்னேனில்லியா,” என்றாள் ரத்னாபாய். பால்காரனிடம் சண்டை பிடிக்கிற குரல்தான். “ஒணங்கல்லன்னு சொன்னேனில்லியா.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அவரைக் கொண்டுபோகிறார்கள் என்று. குரல் உடைந்து அலறினாள். தாசையன் ஸ்டாண்டைக் கீழே அமுக்கினான். துணி கிழிகிற சத்தம் கேட்டது. ஸ்டாண்டு தொம்மென்று தரையில் நின்றது. பெட்டி வாசலைத் தாண்டிப் போயிற்று.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஸ்டாண்டின் மேல்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத்துணி ஒட்டியிருந்தது, இழை இழையாக. தாசையன் அண்ணனின் உளியை எடுத்துக்கொண்டு வந்தான்.

“சொரண்டி எடுத்துட்டு, ஒரு பூச்சு அடிச்சுத் தாரேன் மைனி. நான் செய்தது தப்பாப் போச்சு.”

“வேண்டாம். அதுவும் சேந்து ஒணங்கட்டு.”

அவன் உளியை ஓரமாக வைத்தான். விலாசினி வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. வந்திருந்தவர்களுக்குத் தாசம்மாள் பரிமாற ஆரம்பித்தாள். வெளியே மழை விட்டிருந்தது. ஓர் ஈசல் வந்தது, பின்னாலேயே நாலைந்து வந்து பல்பைச் சுற்றின. ஒன்று சிறகை உதிர்த்துவிட்டு ஸ்டாண்டை நோக்கி இறங்கியது.

ரத்னாபாய் எழுந்துபோய் லைட்டை அணைத்தாள்.

கூடம் நிறைய இருந்தவர்கள் இருட்டிலேயே கஞ்சி குடித்தார்கள்.