நெவ் டன்ஸ்டனின் ஐந்தாவது ஸ்கோப்

நெவ் டன்ஸ்டன் மூன்று வருடத்தில் நான்கு ஸ்கோப்புகளைத் தூக்கி எறிந்தவன். துப்பாக்கி முதுகில் பொருத்துகிற தொலைநோக்கிக் குழாயைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவன் ஒரு ஸ்கோப் வாங்கினால் அது அவனோடு கிழடாகும். நெவ்விடம் மட்டும் ஒரு கோடை தாண்டாது. "குறி நிக்க மாட்டேங்குதுடா, இன்னைக்கு வலப்பக்கம், நாளைக்கு இடப்பக்கம், குடிகாரன் மாதிரி அலையுது" என்பான். கழற்றுவான், எறிவான்.

நான் கெல். யாரபின் என்கிற சின்ன ஊரிலிருந்து வாரம் இரண்டு நாள் தபால் லாரி ஓட்டுகிறேன். இருநூற்றெண்பது கிலோமீட்டர் செம்மண் சாலை, பதினொரு பண்ணை வாசல். நெவ்வின் வாசல் ஏழாவது. அவன் எறிந்த இரண்டாவது ஸ்கோப் என் லாரியில்தான் வந்து விழுந்தது. "போற வழியில குப்பைக்குழியில போட்டுடு" என்றான். நான் போடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் என் துப்பாக்கியில் மாட்டிப் பார்த்தேன். முதல் தோட்டாவும் ஐந்தாவது தோட்டாவும் ஒரே ஓட்டையில் போயின. இதை நெவ்விடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் திருப்பிக் கொடுக்க வேண்டிவருமே என்று இரண்டு வருடமாகச் சொல்லவில்லை.

போன வசந்தத்தில் ஒரு காட்டுநாய் நெவ்வின் மந்தைக்குள் புகுந்தது. வால் நுனி மட்டும் வெள்ளை. ஒரே மாதத்தில் முப்பத்தொரு ஆட்டுக்குட்டிகளைக் கொன்றது. நெவ் ஏழு முறை அதைக் குறிவைத்துச் சுட்டான், ஒன்றும் படவில்லை. முதல் ஆறு முறை அது ஓடியது. ஏழாவது முறை ஓடக்கூட இல்லை. உட்கார்ந்து காதைச் சொறிந்துவிட்டு மெல்ல எழுந்து போனது. அந்தக் காது சொறிதல்தான் நெவ்வைக் கொன்றது. நான்காவது ஸ்கோப் அன்று மாலையே கிணற்றடியில் கிடந்தது.

யாரபினில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவள் மார்ஜி. அறுபது வயது, ஆறடி உயரம், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். நான் அவளுக்கு வந்த பார்சலை இறக்கிக்கொண்டிருந்தபோது நெவ் உள்ளே வந்தான்.

"இந்தத் தடவை ஒடையவே கூடாது மார்ஜி. மேல லாரி ஏறினாலும் அசையக் கூடாது."

"எத்தனை மடங்கு பெருசா காட்டணும்?"

"இருக்கறதுலயே பெருசு எதுவோ அது."

"பெருசா காட்டறதுக்குள்ள நகர்ற சாமான் நெறைய இருக்கும். கெட்டுப் போறதுக்கும் எடம் நெறைய. நாய்க்கு ஆறு மடங்கு போதும். கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது. உள்ள நகர்றது கம்மி. அதனாலயே நாள்பட வரும்."

"ஆறா? நாயோட கண்ணுல பயத்தைப் பாக்கணும் எனக்கு."

"உன்னைப் பாத்து அதுக்கு என்னடா பயம்?" என்றேன் நான்.

"நீ தபாலைக் குடுத்துட்டு கெளம்பு."

மார்ஜி பெருமூச்சு விட்டு, இருபத்தைந்து மடங்கு காட்டுகிற ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். வெறும் குழாய்தான். நெவ் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். தெருவுக்கு அந்தப் பக்கம் பேக்கரி.

"அடேயப்பா! கண்ணாடிக்குள்ள இருக்கற பன்னு மேல எள்ளு எண்ணலாம் போலிருக்கு. கஸ்டர்டு கேக்கு தெரியுது. அதைப் புடிச்சிருக்கற வெரல் தெரியுது. வெரல்ல மோதிரம்... இந்த மோதிரத்தை நான் எங்கயோ..." குழாயைக் கீழே இறக்கினான். "டார்லீன்!"

டார்லீன் அவன் மனைவி. டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்னதால் கணவனும் மனைவியும் ஆறு வாரமாக வேகவைத்த முட்டைக்கோஸ் தின்றுகொண்டிருந்தார்கள். அப்படித்தான் நெவ் நம்பியிருந்தான். ஸ்கோப்பைக் கையில் பிடித்தபடியே தெருவைக் கடந்து ஓடினான். நாங்களும் பின்னால் போனோம். இதை விடலாமா?

"தலைவலி மாத்திரை வாங்கப் போறேன்னு சொன்னியே!"

டார்லீன் மெதுவாக மென்று முடித்தாள். உதட்டோரத்து மாவைத் துடைத்தாள். அவன் கையில் இருந்த குழாயைப் பார்த்தாள்.

"ஸ்கோப்பு வச்சு என்னைப் பாத்தியா நெவ்?"

"அது... தற்செயலா..."

"கல்யாணமாகி முப்பத்திரெண்டு வருஷத்துல இவ்ளோ கவனமா நீ என்னைப் பாத்ததே இல்ல."

பேக்கரியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நெவ் அவளுக்கு இன்னொரு கேக் வாங்கிக் கொடுத்தான். அந்த அவமானத்தில் தானும் ஒன்று தின்றான்.

மார்ஜி காட்சிக்கு வைத்திருந்த மூன்று ஸ்கோப்புகளைக் கொடுத்தனுப்பினாள். இருபத்தைந்து மடங்கு ஒன்று, பன்னிரண்டு ஒன்று, அவள் சொன்ன ஆறு ஒன்று. "ஞாயித்துக்கெழமைக்குள்ள என்ன வேணா பண்ணிப் பாரு. ஒடைஞ்சது உன்னுது. நானும் வர்றேன், பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை நெவ்வின் பண்ணையில் சோதனை என்று செய்தி பரவிவிட்டது. பரப்பியது நான்தான், ஏழு வாசலில். கடைசியில் வந்தது நாலு பேர்: நான், மார்ஜி, மதுக்கடைக்காரன் ஓர்வில், பள்ளிக்கூட டீச்சர் பெட்ரா. குறி சுட்டுப் பார்க்கும் சாக்கில் ஓர்வில்லும் டீச்சரும் நானும் துப்பாக்கிகளைப் பூட்டிய பெட்டியில் கொண்டுவந்திருந்தோம். டார்லீன் சாசேஜ் வறுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் சோதனை குளிர். முந்தின நாளே மூன்று ஸ்கோப்புகளையும் நெவ் ஃப்ரீசரில் ஆட்டுக்கறிக்கு நடுவே படுக்கவைத்திருந்தான். எடுத்து நேராகப் பாத்திரம் கழுவுகிற சுடுதண்ணீரில் முக்கினான். இருபத்தைந்து மடங்குக்காரனின் உள்கண்ணாடியில் வெள்ளையாக ஆவி படிந்தது, படிந்தது போகவே இல்லை. நெவ் உற்சாகமாகக் கத்தினான்: "ஒருத்தன் காலி!"

"இவன் வாங்க வந்திருக்கானா, ஒடைக்க வந்திருக்கானா?" என்று ஓர்வில் என் காதில் கேட்டான்.

இரண்டாவது சோதனை ரோடு. மிஞ்சிய இரண்டையும் வண்டியின் பின்தட்டில் ஸ்பேனர் பெட்டியோடு சேர்த்துக் கட்டி, அலை அலையாகக் குழி விழுந்த பாதையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டினான். திரும்பி வந்தபோது ஸ்பேனர் பெட்டியின் மூடி காணோம், பின்பக்க நம்பர் பலகை காணோம். ஸ்கோப்புகள் இரண்டும் பத்திரமாக இருந்தன.

மூன்றாவது சோதனைக்குத் தண்ணீர்த் தொட்டியின் மேலே ஏறினான். அங்கிருந்து கீழே, காய்ந்து கல்லான தரையில் போட்டான். ஆறு மடங்குக்காரன் டொக்கென்று விழுந்து உருண்டான். பன்னிரண்டின் கண்ணாடியைக் காக்கிற பிளாஸ்டிக் மூடி தனியே கழன்று ஓடியது. வேலியோரம் நின்று சாசேஜை நோட்டம் விட்டுக்கொண்டிருந்த ஈமு ஒன்று இரண்டே எட்டில் வந்து அந்த மூடியை விழுங்கிவிட்டுப் போயிற்று. அதன் நீளக் கழுத்து வழியாக மூடி இறங்குவதை எல்லோரும் பார்த்தோம்.

"அந்த மூடியும் கணக்குதான்," என்றாள் மார்ஜி.

"ரெண்டு நாள்ல வந்துரும்," என்றான் நெவ் தொட்டி மேலிருந்து.

"வந்தா கழுவிக் குடு."

இனி சுட்டுப் பார்க்க வேண்டியதுதான். பழைய வாஷிங் மெஷின் கதவு ஒன்றில் நெவ் ஒரு நாய் வரைந்து நூறு மீட்டர் தள்ளி மண்மேட்டில் சாய்த்து வைத்திருந்தான். வால் நுனிக்கு வெள்ளைப் பெயின்ட் வேறு. தன் துப்பாக்கியில் ஆறு மடங்கை மாட்டினான். ஐந்து தோட்டா. ஒன்று நாயின் காதில், ஒன்று வாலுக்கு அடியில், ஒன்று வயிற்றில், இரண்டு கதவிலேயே இல்லை. பன்னிரண்டை மாட்டினான். அதுவும் அப்படியே. நாய்க்கு இப்போது மூன்று காது இருப்பதுபோல் ஆயிற்று.

நெவ் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். முகம் தொங்கிவிட்டது. "உலகத்துல உருப்படியா ஒரு ஸ்கோப்பு கூட செய்ய மாட்டேங்கறாங்கடா," என்றான். உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறக்கப் பார்த்தேன். ஆனால் மார்ஜி முந்திக்கொண்டாள்.

"அந்தத் துப்பாக்கியைக் குடு."

"என் துப்பாக்கியை யாரும் தொட மாட்டாங்க. டார்லீன் கூடத் தொட்டதில்ல."

"தொடணும்னு நான் கேட்டதும் இல்ல," என்றாள் டார்லீன் அடுப்பிலிருந்து.

மார்ஜி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எடுத்தாள், உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டாள், மேலே இருந்த ஸ்கோப்பைக் கழற்றினாள். அதன் அடியில், துப்பாக்கியோடு திருகியிருக்கும் இரும்புப் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பட்டை விழப்போகிற பல் மாதிரி ஆடியது. நான்கு திருகில் இரண்டு தளர்ந்திருந்தன. ஒன்று ஏதோ பேருக்கு நின்றது. நான்காவதன் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று அடைத்திருந்தது. அதைக் கத்தி முனையால் நோண்டி மூக்கருகே கொண்டுபோனாள்.

"புதினா வாசனை வருது நெவ்."

நெவ் தரையைப் பார்த்தான். "சூயிங்கம். திருகு தொலைஞ்சு போச்சு. அன்னைக்கு அவசரம். சும்மா தற்காலிகமாத்தான்..."

"என்னைக்கு?"

"ஒரு... நாலு வருஷம் இருக்கும்."

முதலில் சிரித்தது டார்லீன். பிறகு ஓர்வில் தரையில் உட்கார்ந்துவிட்டான். டீச்சர் பெட்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நெவ்வும் சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நின்றான். அவன் மூளையில் கணக்கு ஓடுவது நெற்றியிலேயே தெரிந்தது.

"அப்போ... அந்த நாலு ஸ்கோப்பும் நல்லாத்தான் இருந்துச்சா?"

எங்களுக்குச் சிரிப்பு நின்றது. நான் என் பெட்டியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினேன். அதே சமயத்தில் ஓர்வில்லும் தன் பெட்டியைத் தள்ளினான். டீச்சரும் தள்ளினாள். மூன்று பெட்டியும் மேசைக்கு அடியில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அந்தச் சத்தத்தில்தான் எனக்கே தெரிந்தது, நான் ஒருத்தன் மட்டும் திருடன் இல்லை என்று.

"தொறங்கடா," என்றான் நெவ்.

திறந்தோம். மூன்று துப்பாக்கி, மூன்றிலும் நெவ்வின் ஸ்கோப். ஓர்வில் வைத்திருந்ததில் நெவ்வின் பெயர் எழுதிய ஒட்டுத்தாள் கூட அப்படியே இருந்தது.

"உரிக்கலாம்னுதான் இருந்தேன்," என்றான் ஓர்வில்.

"நாலாவது எங்க?"

டார்லீன் வறுக்கிற கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். சமையலறை ஜன்னலோரமிருந்து அதை எடுத்து வந்தாள். "கெணத்தடியில கெடந்துச்சு. ரோட்டுல யார் வர்றாங்கன்னு பாக்க வச்சிருக்கேன். ஒளிஞ்சுக்கறதா, டீ போடறதான்னு முடிவு பண்ண நேரம் கெடைக்குது."

"நான் வந்தா என்ன முடிவு?" என்று கேட்டேன்.

"அது வாரத்துக்கு வாரம் மாறும்."

நெவ் கோபப்படுவான் என்று நினைத்தோம். நான் எழுந்து நின்று, "தப்புதான் நெவ். எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். குடுக்க மனசு வரல," என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு நான்கு ஸ்கோப்பையும் மேசையில் வரிசையாக வைத்து, நீதிபதி மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஒவ்வொருத்தரா உண்மையைச் சொல்லுங்க. எத்தனை தடவை கீழ போட்டீங்க?"

ஓர்வில் ஒருமுறை. டீச்சர் போட்டதே இல்லை, துணியில் சுற்றி வைப்பாளாம். டார்லீன் கழுவுதொட்டியில் மூன்று முறை. என் முறை வந்தது.

"லாரியிலேர்ந்து துப்பாக்கியோட விழுந்துச்சு. பின்சக்கரம் துப்பாக்கிக் கட்டை மேல ஏறி, கட்டை ரெண்டாச்சு. அப்புறம் வெள்ளத்துல ரெண்டு நாள் முழுகிக் கெடந்துச்சு. அப்புறம் ஒரு கொண்டைக்கிளி கண்ணு வைக்கற எடத்து ரப்பரைத் தின்னுடுச்சு."

"குறி?"

"அசையல."

நெவ் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். உடம்பெல்லாம் கீறல். பக்கத்தில் சின்னதாக எண்: ஆறு.

"இதுதான் எனக்கு வேணும்," என்றான். மார்ஜி சட்டைப்பையிலிருந்து நான்கு புதுத் திருகுகளை எடுத்து வைத்து, பட்டையைத் தானே இறுக்கினாள். மற்ற மூன்றையும் அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்று நெவ் சொல்லிவிட்டான். வெறுங்கையோடு போனது நான் மட்டும்தான். அது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது, ஆனாலும் சாசேஜ் இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழாவது வாசலில் லாரியை நிறுத்தினேன். நெவ் வேலிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நாய். வால் நுனி வெள்ளை. ஒரே தோட்டா.

ஆட்டம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தான்.

"இந்தத் தடவையும் ஓடலடா. என்னைப் பாத்துட்டு உக்காந்து காதைச் சொறிஞ்சுச்சு. நான் சுடவே மாட்டேன்னு நம்பிடுச்சு போல."

செத்த நாயை வேலியில் தொங்கவிடுவதுதான் இங்கே வழக்கம். நெவ் வேண்டாம் என்றான். இரண்டு மண்வெட்டி கொண்டுவந்தான், ஒன்றை என்னிடம் நீட்டினான். தரை செங்கல்லாக இறுகிக் கிடந்தது. குழி முழங்கால் ஆழம் போவதற்குள் பத்து மணியாகிவிட்டது.

எட்டாவது வாசலில் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள். நெவ்வோட நாய்க்குக் குழி வெட்டினேன் என்றேன். நெவ் அதைச் சுட்டுவிட்டான் என்பதை அவர்கள் நம்பவே இல்லை. கையில் இருந்த கொப்புளத்தைக் காட்டியும் நம்பவில்லை.